லோகாம்பாள் கண்ணுக்குத் தேதி கிடைத்த கதை

என் தங்கை லோகாம்பாள் உடம்பில் வேலை செய்வது என்னுடைய கிட்னி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷமாக இதைச் சொல்லாமல் நான் யாரிடமும் பேச்சை ஆரம்பித்ததில்லை என்று அவள் குறைப்படுகிறாள். இதில் குறை என்ன இருக்கிறது? கொடுத்தது கொடுத்ததுதானே.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற வேலைக்குப் போனவன் இன்றைக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒன்பது தறி வைத்திருக்கிறேன். அதில் ஒரு தறிகூட அப்பன் பாட்டன் வழியில் வந்ததில்லை. கைலாசம் என்று சொன்னால் ஐயம்பேட்டை வரைக்கும் தெரியும். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு சின்னக் கண் டாக்டர் ஆறு வாரம் அலைய வைத்தார். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதுவது என் தங்கையைப் பற்றி.

லோகாம்பாள் பாவு பிணைக்கிறவள். பாவு என்பது நீளவாக்கில் ஓடுகிற நூல். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்தால் பழைய இழை ஒவ்வொன்றின் முனையோடும் புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் சேர்த்து முறுக்க வேண்டும். ஐயாயிரம் இழைக்குக் குறையாது. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போவது கண்ணுக்குத் தெரியாது. பதினோரு வயதில் உட்கார்ந்தவள். அவள் பிணைத்த பாவு தறியில் அறுந்தது என்று நான் கேள்விப்பட்டதில்லை. புருஷன் லாரி மோதிச் செத்தபோது பதினாறு நாள் எழுந்திருக்காமல் கிடந்தாள். பதினேழாம் நாள் காலையில் தானாக வந்து என் மூன்றாம் தறியில் உட்கார்ந்தாள். பிள்ளை இல்லை. அடுத்த தெருவில் ஒரு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். எனக்கு இது வேண்டும் என்று வாயைத் திறந்து அவள் யாரிடமும் கேட்டதில்லை.

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. வாரத்துக்கு இரண்டு தரம் சென்னைக்குப் பஸ் ஏறி ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு திரும்புவாள். மறுநாளே பாவு பிணைக்க வந்துவிடுவாள். ஒரு வருஷம் பார்த்தேன். பிறகு என்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு. டாக்டர்களே என் உடம்பைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள்.

அந்தக் கிட்னி தங்க வேண்டும் என்றால் தினம் மாத்திரை போட வேண்டும், சாகிற வரைக்கும். அதில் ஒரு மாத்திரை ஸ்டீராய்டு. அதனால்தானாம், ஐம்பத்திரண்டு வயதிலேயே இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது.

பங்குனி மாதம் ஒரு நாள் என் ஐந்தாம் தறியில், கரைக்கு ஓட வேண்டிய ஏழு அரக்கு இழைகளை உடலின் மாம்பழ மஞ்சளோடு பிணைத்து வைத்திருந்தாள். தறிக்காரன் வெங்கடேசன் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டான்.

"இன்னாக்கா, கண்ணை வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?"

"ஆமாண்டா, பூட்டி வெச்சிருக்கேன். தெருவுல திருட்டுப் பயம்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஏழு இழையையும் பிரித்து மறுபடி பிணைக்க அவளுக்கு அரை மணி ஆனது. பிறகு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"இழை ரெண்டு ரெண்டா தெரியுதுண்ணா. எதைப் புடிச்சாலும் பக்கத்துல இருக்கிறது கையில வருது. இப்படியே போனா நான் இன்னா பண்றது?"

"ஆபரேஷன் பண்ணா தீந்துது. போன வருஷம் நான் பண்ணிக்கலையா? காலையில போனேன், மத்தியானச் சோத்துக்கு வூட்ல இருந்தேன்" என்றேன்.

நான் சொன்னது சத்தியம். எனக்கு அப்படித்தான் நடந்தது.

இந்த இடத்தில் என் கைவேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டு வேலை நடக்கிற வீட்டில் கண்ணில் பிசிறு விழுவது தினப்படி சமாசாரம். அதை எடுக்க எங்கள் தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முறுக்கில்லாத பட்டிழை நாலைச் சேர்த்து, முனையை வாயில் வைத்து நனைத்து, கீழ் இமையை இழுத்துப் பிடித்து ஒரே வருடு. பிசிறு இழையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நாற்பது வருஷத்தில் எத்தனையோ கண். ஒருவரும் குறை சொன்னதில்லை. நூல் முனையை வாயில் வைத்து நனைக்காமல் எங்கள் தொழிலில் ஒரு வேலையும் நடக்காது. அதை எச்சில் என்று நாங்கள் நினைப்பதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று காலையில் லோகாம்பாளை வெளிச்சத்தில் உட்கார வைத்தேன். டாக்டர் முன்னால் அழுக்குக் கண்ணோடு போய் நிற்கக் கூடாது அல்லவா?

"வேணாண்ணா. தண்ணி வுட்டுக் கழுவிக்கினேன்" என்றாள்.

"தண்ணியில இன்னா போவும்? இப்படித் திரும்பு."

திரும்பினாள். இரண்டு கண்ணையும் பளிச்சென்று துடைத்து அழைத்துப் போனேன்.

சென்னை ரோட்டில் இருக்கிற கண் ஆஸ்பத்திரி அது. டாக்டர் பெயர் காயத்ரி. என் கடைசி மகள் வயதுதான் இருக்கும். விளக்கு வைத்துப் பார்த்தார். இமை ஓரம் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது என்றார். கிட்னி மாற்றினவர்கள் விஷயத்தில் அவசரப்படக் கூடாது என்று சொல்லி, பஞ்சு சுற்றிய குச்சியால் கண்ணுக்குள் தடவி எடுத்து ஒரு குழாயில் போட்டார். கல்ச்சர் டெஸ்ட்டாம். நாலு நாள் கழித்து வரச் சொன்னார்.

நாலு நாள் கழித்துப் போனால், ஆபரேஷனுக்குத் தேதி இல்லை என்றார்.

"கண் மேல கிருமி நிறைய வளர்ந்திருக்கு. வாயில இருக்கிற வகை. சொட்டு மருந்து தரேன். ரெண்டு வாரம் போட்டுட்டு வாங்க, மறுபடி டெஸ்ட் எடுக்கலாம்."

இரண்டு வாரம் காந்தா சொட்டு போட்டாள். காந்தா லோகாம்பாளுக்கு எதிர் வீட்டில் இட்லி சுட்டு விற்கிறவள், அவளுக்குச் சிநேகிதி. மறுபடி புறப்பட்டோம். மறுபடியும் காலையில் வெளிச்சத்தில் உட்கார வைத்து, போன தடவையைவிட அழுத்தமாகவே துடைத்தேன். இந்தத் தடவை ஒரு கிருமி நிற்கக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

ரிப்போர்ட் வந்தது. அதே கிருமி. இடது கண் சிவந்தும் போயிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிற்று.

"ஏம்மா, எனக்கு ஆபரேஷன் பண்ணப்ப எந்தக் குச்சியும் எடுக்கலையே? என் கண்ணுல கிருமி இல்லையா?"

"உங்க கண்ணுலயும் இருக்கும் சார். எல்லார் கண்ணுலயும் இருக்கும்."

"இருந்தா எடுத்துக் காட்டுங்க. காசு நான் தரேன்."

டாக்டர் சிரித்துவிட்டு என் கண்ணிலும் குச்சி விட்டு எடுத்தார். நாலு நாள் கழித்து அந்தத் தாளைக் கையில் கொடுத்தார். எனக்கும் இருக்கிறதாம். தோல் மேல் இருக்கிற சாதாரணக் கிருமியாம்.

"பாத்தீங்களா! எனக்கும் இருக்குது. எனக்கு ஒரே காலையில முடிச்சிங்க. இவளை மட்டும் ஏன் இழுக்கிறீங்க?" என்று கேட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "உங்க உடம்புல காவல் இருக்கு சார். கிருமி வந்தாலும் கண்ணீரும் ரத்தமும் பாத்துக்கும். இவங்க உடம்புல அந்தக் காவலை நாங்களே மாத்திரை போட்டு அமுக்கி வெச்சிருக்கோம். இல்லன்னா நீங்க குடுத்த கிட்னியை உடம்பு வெளியாள்னு தள்ளிடும். இந்தக் கிருமியோட கண்ணைத் திறந்து லென்ஸ் வெச்சா, அது உள்ள போகும். உள்ள போனா புரை போகாது, கண்ணே போயிடும். பரவாயில்லையா?"

என் கிட்னியைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவள் கண் காவல் இல்லாமல் கிடக்கிறதாம். கொடுத்தவனிடமே இப்படியா சொல்வது?

டாக்டர் லோகாம்பாள் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒண்ணு புரியல. மருந்து போட்டும் வாய்க் கிருமியே திரும்பத் திரும்ப வருது. வீட்ல சின்னக் குழந்தை யாராவது முகத்துல முகம் வெச்சுக் கொஞ்சுதா? கண்ணுல எச்சில் படுற மாதிரி ஏதாவது?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் லோகாம்பாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்க வூட்ல எச்சில் பத்து எல்லாம் கறாரா பாப்போம். தம்ளரையே தூக்கித்தான் குடிப்போம்" என்றேன் நான்.

வேறு மருந்து, இன்னும் இரண்டு வாரம். அந்த நாட்களில் லோகாம்பாள் பாவு பிணைக்க வரவில்லை. வேறு ஆளை வைத்தேன். அந்த ஆள் பிணைத்ததில் ஒரு நாளைக்கு நாலு இழை அறுந்தது. வெங்கடேசன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அக்கா எப்ப வரும்?" என்று கேட்டான். லோகாம்பாள் வீட்டில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்க முயன்று, கல்லை விட்டுவிட்டு அரிசியைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் தடவை போனோம். அன்றைக்கும் துடைத்துத்தான் அழைத்துப் போனேன். நர்ஸ் குச்சியைப் பிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்டார்.

"இன்னிக்குக் காலையில முகம் கழுவினீங்களாம்மா?"

"முகம் இன்னா முகம், கண்ணையே துடைச்சுத்தான் இட்டுக்கினு வந்திருக்கேன்" என்றேன். "போன ரெண்டு தடவையும் அப்படித்தான். ஒரு பிசிறு இருக்காது, பாத்துக்குங்க."

டாக்டர் நிமிர்ந்தார். "எதால துடைச்சீங்க?"

எதால் என்று வாயால் சொல்வானேன்? என் சட்டைப்பையில் எப்போதும் கொஞ்சம் பட்டிழை சுருட்டி வைத்திருப்பேன். எடுத்து, நாலு இழை பிரித்து, முனையை வாயில் வைத்து நனைத்து, "இப்படி ஒரு வருடு" என்று காட்டினேன்.

நர்ஸ் கையில் குச்சி அப்படியே நின்றது. லோகாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், முதல்ல அதை வாயில இருந்து எடுங்க" என்றார் டாக்டர். "ஆறு வாரமா நான் தேடிக்கிட்டிருந்தது உங்க வாயைத்தான்."

"நாப்பது வருஷமா எடுக்கிறேன். ஒரு கண்ணு கெட்டதில்லை."

"கெட்டிருக்காது. அவங்களுக்கெல்லாம் காவல் இருந்துச்சு."

அதற்கு மேல் என்னிடம் பேசாமல் லோகாம்பாளைக் கேட்டார். "நான் அன்னிக்குக் கேட்டேனேம்மா. உங்களுக்குத் தோணலையா?"

"தோணிச்சும்மா."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"எப்படிம்மா சொல்றது?" என்றாள் லோகாம்பாள். "வயித்துல அவரு குடுத்தது இருக்குது. கண்ணைக் காட்டுன்னா காட்டத்தானே வேணும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்கு டெஸ்ட்டே எடுக்கவில்லை. இரண்டு வாரம் கண்ணில் கை வைக்கக் கூடாது, முக்கியமாக அண்ணன் கை வைக்கக் கூடாது என்று எழுதாத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

திரும்புகிற பஸ்ஸில் நான்தான் ஆரம்பித்தேன்.

"அத்தனை பேர் முன்னால மானத்தை வாங்கிட்டியே. குடுத்ததுக்கு நான் என்னிக்காவது பதிலுக்கு ஒண்ணு கேட்டிருக்கேனா?"

"நீ கேக்கலண்ணா."

"பின்ன?"

"டீக்கடையில என் பேரைச் சொல்றதுக்கு முன்ன கிட்னியைச் சொல்ற. கல்யாண வூட்ல சொல்ற. அன்னிக்கு கண்டக்டர் கிட்டகூட சொன்ன. அப்புறம் நான் எதுக்கு முடியாதுன்னு சொல்றது? என் கதவுக்கு ஊதாப் பெயிண்ட் அடிக்கச் சொன்ன, அடிச்சேன். மொட்டைமாடி ரூம்ல இருக்கணும்னு ஆசைப்பட்டேன், மாடி ஏறினா உனுக்கு ஆவாதுன்ன, வுட்டுட்டேன். எனுக்குப் பச்சை புடிக்காதுண்ணா. எட்டு தீபாவளியா பச்சையே எடுத்துத் தர்ற, எட்டு வருஷமா கட்டிக்கினு இருக்கேன்."

"பச்சை நல்ல கலரு."

"நல்ல கலருதான். எனுக்குப் புடிக்காது."

ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. முன் சீட்டில் இருந்த ஆள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெள்ளை கேட் ஸ்டாப் வந்ததும் அவள் கடைசியாகச் சொன்னாள்.

"இனிமே ஆஸ்பத்திரிக்குக் காந்தா வருவா."

தப்பு என்னுடையது என்று நான் ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. ஒத்துக்கொண்டதை அவளிடம் சொல்லவில்லை. அது வேறு விஷயம். ஆனால் சட்டைப்பையில் இருந்த இழையை எடுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றபோது, சுத்தமான தண்ணீரில் கண்ணைக் கழுவும்படியும் பிசிறு போகாவிட்டால் டாக்டரிடம் போகும்படியும் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது டெஸ்ட்டுக்குக் காந்தாதான் துணைக்குப் போனாள். நாலு நாள் கழித்து ரிப்போர்ட் வாங்கி வந்து என் வாசலில் நின்றே சொன்னாள்.

"வாய்க் கிருமி போயிருச்சாம். உங்களுக்கு இருந்துதாமே, தோல் கிருமி, அது மட்டும் கொஞ்சம் இருக்குதாம். அது எல்லாருக்கும் இருக்கிறதுதானாம். அறுக்கிறதுக்கு முன்ன அயோடின் சொட்டு வுட்டு அதையும் அடக்கிடுவாங்களாம். தேதி குடுத்துட்டாங்க."

"கிருமியே இல்லாத கண்ணு உண்டான்னு நான் அன்னிக்கே கேட்டேன் பாத்தியா" என்றேன்.

"ஆமா, நீங்கதான் கேட்டீங்க" என்றாள் காந்தா. அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

தேதியைப் பார்த்தால் வரதர் கருட சேவை அன்று. வைகாசியில் அந்தக் காலையில் ஊருக்குள் ஒரு சைக்கிள்கூட நகராது. தேதியை மாற்றச் சொன்னேன். லோகாம்பாள் மாட்டேன் என்றாள். சரி, விடிவதற்கு முன் போய்விடலாம் என்று கார் ஏற்பாடு பண்ணினேன். காரோடு போய் அவள் வீட்டு முன் நின்றால் கதவில் பூட்டு. முந்தின நாள் சாயங்காலமே இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் தங்கிவிட்டார்களாம். காந்தாவின் மகள் எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

விட்டுவிடுவேனா? காரை எடுக்கச் சொன்னேன். காந்தி ரோட்டைத் தாண்டுவதற்குள் முன்னாலும் பின்னாலும் ஜனம் அடைத்துக்கொண்டது. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு, இறங்கிப் போய் மோர் வாங்கிக் குடித்தான். கருடன் மேல் பெருமாள் வருகிறார், குடை ஆடுகிறது, ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. நான் காருக்குள் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது தறி முதலாளி, கிட்னி கொடுத்தவன், தங்கை கண்ணை அறுக்கிற நேரத்தில் ஒரு முழம் நகர முடியாமல் கிடந்தேன். போன் அடித்தது. காந்தா என்னவோ சொன்னாள். நாதஸ்வரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னா? ஆச்சா? கண்ணு இருக்குதா?" என்று கத்தினேன்.

நாலு தரம் கத்தின பிறகு ஒரே ஒரு வார்த்தை காதில் விழுந்தது. "வலது." வலது கண் முடிந்ததா, வலது கண் போய்விட்டதா? போன் அறுந்துவிட்டது. மறுபடி கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணியை நான் என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன்.

வலது கண் முடிந்திருந்தது. நல்லபடியாக.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு முறம் அரிசி. கல்லைப் பொறுக்கித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கல்லைத்தான். நான் எட்டிப் பார்த்து உறுதி பண்ணிக்கொண்டேன்.

"வாண்ணா. குழாயடியில சோப்பு இருக்குது" என்றாள்.

முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தேன். சொட்டு விடுகிற நேரம் ஆகியிருந்தது. காந்தா கடையில் கூட்டம், அவளால் வர முடியவில்லை.

"குடு, நான் வுடறேன். கை கழுவிட்டேன், பார்" என்று நீட்டினேன்.

"வேணாண்ணா."

அவ்வளவுதான். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. பாவில் ஒரு இழையை எடுத்து ஒதுக்குகிற மாதிரி சொன்னாள். தானும் கையைக் கழுவிக்கொண்டு வந்து மல்லாந்து படுத்துக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றி, ஒரு விரலால் கீழ் இமையை இழுத்து, மருந்தைத் தூக்கிப் பிடித்தாள். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. இரண்டாவது காதுப் பக்கம் ஓடிற்று. எனக்குக் கை பரபரத்தது. ஐயாயிரம் இழை பிணைக்கிற கை, ஒரு சொட்டு விட முடியாமல் ஆடுகிறது. நான் எழுந்து போனால் ஒரு நொடியில் விட்டுவிடுவேன்.

"நீ உக்காரு" என்றாள், என் பக்கம் பார்க்காமலே.

உட்கார்ந்தேன். மூன்றாவது சொட்டு சரியாகக் கண்ணுக்குள் விழுந்தது. இமையை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருந்தாள்.

இடது கண்ணுக்கு ஆவணியில் தேதி. அதற்கும் நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.